வெள்ளம் வரும்

மூன்றாம் முறையாக அதே குழாய்க்கு ரிப்பன் வெட்டிவிட்டு
மெம்பர் மைக்கில் சொன்னது இவ்வளவுதான்:
"வெள்ளம் வரும்."

அவர் மலையாளத்தில் சொன்னார்.
அதில் வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணி.
கொழிஞ்சாம்பாறையில் வெயிலில் நின்று
தமிழில் கேட்ட எங்களுக்கு அது வேறு.
பந்தலுக்குள் சிரிப்பு கிளம்பியது.
கைதட்டல் என்று நினைத்து
மனிதர் இன்னொரு தரம் சொன்னார்.

அன்று ராத்திரி
பள்ளிக்கூடச் சட்டைகளுக்குக் காஜா எடுத்தபடியே
ஆறு அடி கட்டினேன்.

    வெள்ளம் வருமுன்னு மெம்பரு சொன்னாரு
    வீட்டுச் சாமானை மேட்டுல ஏத்துனோம்
    அண்டா குண்டாவ அட்டாலி வச்சுட்டு
    ஆட்டுக் குட்டியத் தோளுல தூக்குனோம்
    வந்துது பாருங்க குழாயில வந்துது
    புஸ்ஸுன்னு காத்து, பொறத்தால பல்லி!

பேர் போடவில்லை. அவர் பேரும் இல்லை, என் பேரும் இல்லை.
ஆனால் பிளவுசுக்கு அளவு கொடுக்க வந்தவர்கள்
நான் முனகியதைக் கேட்டிருக்கிறார்கள்.

வியாழக்கிழமை அது வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டியது,
தக்காளி லாரிக்காரன் வாயில், பர்மிட் இல்லாமல்.
சனிக்கிழமை கள்ளுக்கடைக்குள் இருந்தது.

அங்கே பிரேமராஜன் கிளாஸைத் தட்டினார்:
ஆளியாற்றில் ஷட்டரை அடைத்தது யார்?
அதைப் பாட ஒரு நாக்கும் எழாதா?
எதிர்க்கட்சி கிட்டுச்சாமி, யாரும் கேட்காமலே,
"ஆமாங், எங்க பாட்டுதானுங்" என்று ஒப்புக்கொண்டு
மறுநாள் ஜீப்பில் ஒலிபெருக்கி கட்டிவிட்டார்.
பல்லியை எடுத்துவிட்டுத் தேளைப் போட்டிருந்தார்கள்.
என்ன கொடுமை. பல்லிக்குத்தானே அங்கே சிரிப்பு.

விலாசினி டீச்சர் மட்டும் கடைக்கே வந்தார்.
தைக்கக் கொடுத்த துணியை எடுக்கவில்லை.
"எங்கள் சொல்லை வைத்துச் சிரிக்கிறீர்கள்.
சாலக்குடியில் என் தங்கை
மொட்டை மாடியில் இரண்டு ராத்திரி உட்கார்ந்திருந்தாள்.
கீழே அவள் மாடு மிதந்தது.
வெள்ளம் என்று அன்று நாங்களும்
உங்கள் அர்த்தத்தில்தான் சொன்னோம்."

இதற்கு என்னிடம் அடி இல்லை.
ஊசியில் நூல் கோப்பது போல்
வெகுநேரம் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை லாரித் தண்ணி வருகிற நாள்.
குடங்கள் சர்ச் மதில் வரை நின்றன.
பாட்டு முதலில் என் அடிகளோடுதான் தொடங்கியது.
பல்லி வந்ததும் முடிந்துவிடும் என்று
நானும் சிரிக்கத் தயாராக இருந்தேன்.
அங்கே மூச்சு வாங்காமல்
சகாயமேரி மேலே போனாள்.

    பாட்டுக் கட்டுன வீட்டுல பாருங்க
    ரெண்டு டேங்கியும் ரொம்பி வழியுது
    மெம்பரு விட்ட காத்துல தானுங்க
    மாமன் லாரிக்கு டயரு சுத்துது!

நான் இதுவரை சொல்லவில்லை, இல்லையா.
அந்த லாரி எங்களுடையது.
ட்ரிப்புக்கு எண்ணூறு, கோடையில் ஆயிரத்து இருநூறு.
குழாயில் நிஜமாகவே தண்ணி வந்திருந்தால்
இந்த மிஷினுக்கு மோட்டார் வைத்திருக்க முடியாது.

குழாய் மூட்டை முறுக்கிக்கொண்டிருந்த அவருக்கு
முதலில் புரியவில்லை, தலையாட்டிக் கேட்டார்.
டயர் என்றதும் கை நின்றது.
ராத்திரி சோறு உண்ணும்போது ஒரே கேள்வி:
"உனக்கு எதுக்குடி பாட்டு?"

நியாயமான கேள்விதான்.
விளக்கணைத்த பின் சகாயமேரியின் அடிகளை
விரல் விட்டு எண்ணினேன்.
எங்காவது பிசிறடித்தால் போதும் என்றிருந்தது.
பிரிக்க ஒரு தையல்கூட இல்லை.
என்னுடையதில் மூன்றாம் அடி சற்றுத் தொங்குகிறது,
கட்டிய நாளிலிருந்தே தெரியும்.

அடுத்த செவ்வாய் ஒரு ட்ரிப்பைக் காசில்லாமல் விட்டார்.
அதற்கும் உடனே ஓர் அடி விழுந்தது.
அதை நான் இங்கே எழுதப் போவதில்லை.